அம்மாவின் மஸ்கட் டிசம்பர்கள்

போன வருடம் கிறிஸ்துமஸ் அன்று மதியம், மந்தாரக்குப்பத்தில் நாங்கள் குடியிருக்கும் வாடகை வீட்டில் இது நடந்தது. அம்மா முன்னறைக் கட்டிலில் படுத்திருந்தார். ஈரலில் புற்றுநோய். புதுச்சேரியில் பார்த்த டாக்டர், "இனிமே வீட்லயே வச்சுப் பாத்துக்குங்க" என்று அனுப்பிவிட்டார். நான் நர்ஸ். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அம்மாவும் நர்ஸ்தான். எனக்கு மூன்று வயதாக இருந்தபோது மஸ்கட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்துப் போனவர், நான் நர்சிங் படிக்கச் சேர்ந்த பிறகுதான் திரும்பி வந்தார். அப்பா நிலக்கரிச் சுரங்கத்தில் காண்ட்ராக்ட் தொழிலாளி. இன்றைக்கு பர்மனென்ட் ஆகிவிடும், நாளைக்கு ஆகிவிடும் என்று காத்திருந்து, ஆகாமலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மாவுக்கு ஊருக்கு வர லேசில் லீவு கிடைக்காது. ஆனால் அவர் வேலை பார்த்த இடத்தில் வருடம் ஒருமுறை குடும்பத்துக்கு டிக்கெட் கொடுத்தார்கள். கோடையில் அந்த ஊர் வெயில் தாங்காது என்பதால், அரையாண்டுப் பரீட்சை முடிந்த கையோடு அப்பா என்னை அழைத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

நாங்கள் கிறிஸ்தவர்கள் இல்லை. ஆனால் அம்மா தங்கியிருந்த கட்டடம் முழுக்கக் கேரளத்து நர்ஸுகள். மாடிப்படி நெடுக நட்சத்திர விளக்கு, வாசலில் குடில், ஒவ்வொரு வீட்டிலிருந்தும் தட்டில் வைத்து வரும் கேக். எங்கள் ஊரில் கொடியில் காயும் துணியில்கூடக் கரித்தூசி படியும். அங்கே நான் போட்ட வெள்ளை கவுன் சாயங்காலம் வரை வெள்ளையாகவே இருக்கும். கடற்கரையில் அப்பாவும் அம்மாவும் ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டு என்னை நடத்திப் போவார்கள். ஏர்போர்ட்டில் அம்மாவைப் பார்த்ததுமே ஓடிப்போய்க் கட்டிக்கொள்வேன். இப்படித்தான் என் நினைவில் இருந்தது.

அந்த நினைவை நம்பித்தான் நான் ஒரு முடிவே எடுத்திருந்தேன். எனக்கும் மஸ்கட்டில் வேலை கிடைத்திருந்தது. விசா கையில் இருந்தது. யு.கே.ஜி. படிக்கும் மகளைக் கணவர் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. "நீயும் வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் லீவுக்கு ஏரோப்ளேன்ல வருவ பாரு, நான் போன மாதிரி" என்று அவளுக்கு ஆசை ஆசையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அன்று மதியமும் அம்மாவின் கட்டிலோரம் அவளை உட்கார வைத்து அதையேதான் சொன்னேன். அவள் விளையாட ஓடிப்போனதும், கண்ணை மூடிக் கிடந்த அம்மா, "கதவ சாத்து" என்றார். சாத்திவிட்டு வந்தேன்.

"அவகிட்ட எதுக்குப் பொய் சொல்லிக்கினு இருக்க?"

எனக்கு விளங்கவில்லை. "என்னம்மா பொய்? சந்தோஷமாத்தான இருந்தோம்?"

"நீ இருந்த." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிக்கொண்டார். "மொத தடவ வந்தப்ப, ஏர்போர்ட்ல ஒங்கப்பா காலக் கட்டிக்கினு நின்ன. நான் கைய நீட்டினேன். நீ வரல. 'இந்த ஆன்ட்டி யாருப்பா'ன்னு கேட்ட."

அப்படி நடந்ததாக எனக்கு நினைவே இல்லை. அப்பாவும் ஒருநாளும் சொன்னதில்லை.

"எம் மடியில வந்து ஒக்காரவே நாலு நாளாச்சி. நீ பழகறதுக்குள்ள பெட்டி கட்டணும். ஒவ்வொரு வருஷமும் அதான். நீங்க போனப்புறம் ஒந் தலகாணி ஒறையத் தொவைக்காம வச்சிக்கினு…"

அதை முடிக்கவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுக்கப் பார்த்தார். தன்னால் முடியவில்லை. நான்தான் திருப்பிவிட்டேன். என் கைக்கு எலும்புதான் தட்டுப்பட்டது.

"இத்தன வருஷமா ஏம்மா சொல்லல?"

"நீயாச்சும் நல்லபடியா நெனச்சிக்கினு இருக்கியேன்னுதான்." சுவரைப் பார்த்தபடியே பேசினார். "போவாதன்னு சொல்லல. எனக்கு வேற வழியில்ல, போனேன். ஒனக்கும் இல்லன்னா போ. ஆனா, அது திருவிழான்னு அவகிட்ட சொல்லாத."

அதற்குப் பிறகு அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை. பேசும் நிலையிலும் அவர் இல்லை. பொங்கலுக்கு முன்பே போய்விட்டார்.

நான் மஸ்கட் போகவில்லை. மகளிடம் எப்படிச் சொல்லிவிட்டுக் கிளம்புவது என்று எத்தனையோ விதமாக யோசித்தேன். பொய்யில்லாமல் சொல்ல ஒரு வார்த்தையும் வரவில்லை. கணவர் பல வாரம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் கோபத்திலும் நியாயம் இருந்தது. அப்பாவைப் போலவே அவரும் சுரங்கத்தில் காண்ட்ராக்ட் தொழிலாளிதான்; அடுத்து அந்தக் காண்ட்ராக்ட்டும் முடிந்துபோனது. இப்போது சில நாள் வேலை, சில நாள் வீடு. நான் இரண்டு ஆஸ்பத்திரிகளில் மாறி மாறி ஷிப்ட் பார்க்கிறேன். ஒரே ஊரில் இருந்தும், நான் வீட்டுக்கு வரும் நேரத்தில் மகள் பெரும்பாலும் தூங்கிப்போயிருக்கிறாள்.

என் சிறுவயது டிசம்பர்கள் இன்பமானவை என்று இன்றைக்கும் சொல்வேன். ஆனால் அந்த இன்பத்தை எனக்குக் கொடுத்துவிட்டு அம்மா தனக்கென்று எதை வைத்துக்கொண்டார் என்பதை, அவர் சாகக் கிடந்த ஒரு மதியத்தில்தான் தெரிந்துகொண்டேன்.