ஊறிப்போன நான்கு விரல்கள்

இது பட்டப்பகலில் நடந்தது. குடித்துவிட்டு உளறுகிறேன் என்று நினைப்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். நான் சொல்லும் ஒவ்வொரு நேரமும் என் கம்ப்யூட்டரில் பதிவாகியிருக்கிறது. அழிக்க மனம் வரவில்லை.

நியூசிலாந்தின் வெலிங்டன் நகரில், மிராமர் பகுதியில், சினிமாவுக்கு அனிமேஷன் மிருகங்கள் செய்யும் ஸ்டூடியோவில் எனக்கு வேலை. என் பங்கு தோல். தசை அசைந்தால் தோல் எங்கே மடியும், எங்கே சுருங்கும் என்று கணக்குப் போட்டுக் கொண்டுவர வேண்டும். அந்த ஜூலையில் ஒரு கிழட்டு மிருகம். வறண்ட மலையில், இடது கையால் பாறையைப் பிடித்து நிற்கும். திரை முழுக்க அந்தக் கைதான். என் நண்பன் ஹேனரேயின் கையை ஸ்கேன் செய்து அதற்குத் தோல் போட்டிருந்தேன்.

இரண்டு முறை சரியில்லை என்று திருப்பிவிட்டார்கள்.

"திங்கக்கிழமை பன்னெண்டு மணிக்குக் கை சரியா வரணும் கோரி. இல்லன்னா உன் கான்ட்ராக்ட நீட்டிக்கச் சொல்லி நான் கேக்க முடியாது," என்றாள் என் மேலாளர் ப்ரொன்வின்.

வீட்டில் கைக்குழந்தை. சனிக்கிழமையும் ஆபீசுக்குப் போனேன். போகும் வழியில் ஹேனரே போன் செய்தான்.

"நீ என் கையத் தடவிக்கிட்டே உக்காந்திரு. நான் பாவா சிப்பி எடுக்கக் கடலுக்குப் போறேன்."

"எனக்கும் ரெண்டு எடுத்து வைடா."

மதியம் 1:52. தோல் போட்ட காட்சியைத் திரையில் ஓட்டிப் பார்த்தேன். முதல் ஓட்டம். விரல்நுனிகள் சுருங்கியிருந்தன. நெடுநேரம் தண்ணீரில் கிடந்தால் சுருங்குமே, அப்படி. மோதிர விரல் மட்டும் வழவழவென்று இருந்தது.

என் கணக்கில்தான் பிழை என்று நினைத்தேன். ஸ்கேனைத் திறந்து பார்த்தேன். காய்ந்த கை. ஐந்து விரலும் ஒரே மாதிரி.

2:20. மறுபடி ஓட்டினேன். சுருக்கம் இன்னும் ஆழமாகியிருந்தது. சிரித்துக்கொண்டே ஹேனரேக்கு மெசேஜ் போட்டேன்: "உன் கை ஊறிப்போச்சு. தண்ணிய விட்டு வெளிய வாடா."

பதில் இல்லை.

3:15. சுருக்கக் கணக்கையே அணைத்துவிட்டு ஓட்டினேன். இப்போது தோல் பிளாஸ்டிக் போல வந்தாக வேண்டும்.

வரவில்லை. அதே நான்கு விரல்கள்...

மாடியில் என்னைத் தவிர யாரும் இல்லை. எங்கோ டக்... டக்... என்று சத்தம். ஹீட்டர் குழாய்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஹேனரேயைக் கூப்பிடலாம் என்று போனை எடுத்தேன். அதற்குள் ப்ரொன்வினிடமிருந்து மெசேஜ். "கை எப்படி வருது?"

"வந்துடும்" என்று அடித்தேன். போனைக் கவிழ்த்து வைத்தேன்.

4:37. கடைசி ஓட்டம்.

கையின் அசைவு என்னுடையது இல்லை. வேறு குழு செய்து, நான் மாற்ற முடியாதபடி பூட்டிக் கொடுத்தது. கடைசிவரை பாறையைப் பிடித்திருக்க வேண்டும்.

சுண்டுவிரல் விலகியது.

பிறகு நடுவிரல்.

ஆள்காட்டி... கட்டை...

கடைசியாக, அந்த வழவழ விரல்.

பாறை மட்டும் இருந்தது.

ஹேனரேக்குப் போன் போட்டேன். மணி போய்க்கொண்டே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கடலிலிருந்து அவன் உடலை எடுத்தார்கள்.

திங்கள் காலை அதே ஃபைலை ஓட்டினேன். காய்ந்த தோல். பாறையை இறுகப் பிடித்த கை. ஒரு குறையும் இல்லை. பன்னிரண்டு மணிக்கு ஓகே ஆனது. கான்ட்ராக்ட் நீண்டது.

மராயேயில், அவர்களுடைய மாவோரி ஊர்ப்பொது மண்டபத்தில், அவன் சவப்பெட்டியருகே அவன் மனைவி மெரே உட்கார்ந்திருந்தாள். நடந்ததை அவள்தான் சொன்னாள். மதியமே அலை அவனை அடித்துப்போய்ப் பாறை இடுக்கில் சிக்கவைத்திருக்கிறது. மணிக்கணக்காகப் பிடித்துக்கொண்டு கிடந்திருக்கிறான். மேலே நாயோடு நடந்த ஒரு பெண் கையை மட்டும் பார்த்துப் போலீசைக் கூப்பிட்டிருக்கிறாள். பேசிக்கொண்டிருக்கும்போதே கை நழுவியிருக்கிறது. போலீஸ் குறிப்பில் நேரம் 4:37.

அவன் மோதிர விரலைப் பற்றிக் கேட்டேன்.

"சின்ன வயசுல மீன் கத்தி பட்டு அந்த விரல்ல நரம்பு அறுந்துபோச்சு. எவ்வளவு நேரம் தண்ணில இருந்தாலும் அது மட்டும் சுருங்காது. உனக்கு யார் சொன்னது?"

கரையில் நின்ற வண்டியில் கிடந்த அவன் போனை எடுத்து என் முன் நீட்டினாள். திரையில் என் மெசேஜ். 2:20.

"உனக்குத் தெரிஞ்சிருக்கு கோரி," என்றாள். "அப்ப ஏன் நீ போகல?"