நாலு மணி டீக்கு நோட்டிஃபிகேஷன் கிடையாது

பள்ளிபாளையத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்தே என் தாடி நரைத்துவிட்டது. மதர்போர்டு மாற்றியது, செத்துப்போன ஹார்ட் டிஸ்க்கிலிருந்து டேட்டா மீட்டது என்று பெருமையடித்துக்கொள்ள நிறைய உண்டு. அதெல்லாம் மறந்துகொண்டே வருகிறது. ஸ்க்ரூ டிரைவரை வெளியிலேயே எடுக்காமல் செய்த ஒரு வேலை மட்டும் மனசில் நிற்கிறது. இப்போது தொழிலுக்கு வருகிற பிள்ளைகள் நோட்டிஃபிகேஷன் செட்டிங்கை ஒரு வேலையாகவே மதிப்பதில்லை. “அதைக் கஸ்டமரே பண்ணிக்குவாங்க பாய்” என்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

1. பெரிய ஸ்பீக்கர்

ஒருநாள் காலை ஷட்டரைத் தூக்கும்போதே போன் அடித்தது. தங்கராஜ் முதலாளி. லுங்கியும் பெட்ஷீட்டும் நெய்து வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனி வைத்திருக்கிறார்.

“பாய், டிசைன் ரூம் சிஸ்டத்துல மெசேஜ் போனா ஒரு சத்தம் போடோணுமா இல்லீங்களா? நேத்துப் பெரிய ஸ்பீக்கரே வாங்கி மாட்டியுட்டேன். அப்பவும் அந்தப் புள்ள திரும்பியே பாக்க மாட்டேங்குது.”

“எந்தப் புள்ளைங்க?”

“நம்ம பூங்கோதைதானுங்க.”

சிரிப்பதா திட்டுவதா என்று எனக்குத் தெரியவில்லை. பூங்கோதைக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. அவளை வேலைக்கு எடுத்ததே இவர்தான்.

“ஏனுங்க, காது கேக்காத புள்ளைக்கு ஸ்பீக்கர் எதுக்குங்க?”

“நல்லாச் சத்தமா வெச்சா கேக்காதுங்களா?”

அவரையும் ரொம்பக் குற்றம் சொல்ல முடியாது. தறி ஓடுகிற ஊரில் காது மந்தம் என்பது சளி பிடித்த மாதிரி, எல்லோருக்கும் கொஞ்சம் இருக்கும். இரண்டாம் தடவை உரக்கச் சொன்னால் காரியம் முடிந்துவிடும். முதலாளியே பக்கத்தில் நிற்கிறவரிடம் பேசினால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஈரோட்டுக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். சுத்தமாகக் கேட்காது என்று ஒன்று இருப்பது அவர் புத்திக்கு எட்டவே இல்லை.

ஆனால் அடுத்து அவர் சொன்னது விளையாட்டில்லை.

“சரக்கு வாங்கற பார்ட்டி செவப்பு வேண்டாம், மெரூன் போடுங்கன்னாங்க. நான் உடனே மெசேஜ் அனுப்பியுட்டேன். அவ பாக்கல. சாம்பிள் பூரா செவப்புலயே ஓடிப்போச்சு. இனிமே சிஸ்டம் கூப்பிட்டா அவ பாக்கோணும் பாய். முடியாதுன்னா சொல்லிருங்க, அவள மடிக்கற பக்கம் மாத்திக்கறேன். அங்க மெசேஜும் இல்ல, வம்பும் இல்ல.”

மடிக்கிற பக்கம் என்றால் நெய்து வந்த துணியை மடித்து அடுக்குகிற இடம். அதுவும் வேலைதான், குறைவில்லை. ஆனால் பூங்கோதை பெட்ஷீட்டுக்குக் கட்டம் போட்டால் அதைப் பார்க்க வெளியூர் வியாபாரிகள் வந்து நிற்பார்கள். நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

2. இரண்டு விரல்

டிசைன் ரூமில் இரண்டே மேசை. ஜன்னலோரம் பூங்கோதை. அவளுக்குப் பின்னால் கணக்கு எழுதும் செல்வி. பூங்கோதையின் மானிட்டருக்கு இரண்டு பக்கமும் அரிசி டின் அளவுக்கு ஸ்பீக்கர்கள் காவல் நின்றன.

முதலாளியைக் கேபினிலிருந்து ஒரு மெசேஜ் அனுப்பச் சொன்னேன். ‘டொய்ங்’ என்று ஒரு சத்தம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. செல்வி பேனாவைக் கீழே போட்டுவிட்டு, “இந்தக் கருமம் நேத்திருந்து இப்படித்தானுங்க பாய், என் உசுர எடுக்குது” என்றாள். பூங்கோதை நூல் கலர் கார்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் திரைக்குத் திரும்பும்போது வலது கீழ் மூலையில் வந்த பெட்டி மறைந்துவிட்டது. அது நிற்பது ஐந்து நொடிதான்.

கலர் பார்க்கிறவள் திரையையே முறைத்துக்கொண்டு உட்கார முடியாது. அப்படியானால் இத்தனை நாள் எப்படிச் சமாளித்தாள் என்று யோசிப்பதற்குள் பதில் நடந்து வந்தது. செல்வி எழுந்துபோய் இரண்டு விரலால் பூங்கோதையின் தோளைத் தொட்டாள். பூங்கோதை திரும்பியதும் உதட்டாலும் கையாலும் விஷயத்தைச் சொன்னாள். செல்வி கணக்குப் படிப்பதற்கு முன் பல வருஷம் தறியில் நின்றவள். தறி இரைச்சலில் அப்படித்தான் பேசிக்கொள்வார்கள். மெசேஜ் வந்தாலும் முதலாளி கூப்பிட்டாலும் டீ வந்தாலும் வெளியே மழை வந்தாலும் அந்த இரண்டு விரல்தான். மெரூன் மெசேஜ் வந்த அன்று செல்வி லீவு. தொட ஆளில்லை.

“செல்வி கணக்குப் பாக்கறதா, இவளத் தொட்டுட்டே இருக்கறதா?” என்றார் முதலாளி, வாசலில் நின்று.

பூங்கோதை எங்கள் மூவரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு நோட்பேடைத் திறந்து விறுவிறுவென்று டைப் செய்தாள்.

“பாய், நான் மடிக்கப் போகமாட்டேன். எனக்குத் தெரியற மாதிரி கூப்பிடச் சொல்லுங்க.”

கம்ப்ளைண்ட் என்றால் இப்படிச் சொல்ல வேண்டும். “என்னமோ ஆகுதுங்க, வந்து பாருங்க” என்று மொட்டையாகப் போன் செய்கிறவர்கள் அவளிடம் கற்றுக்கொள்ளலாம்.

3. சாடை

முதலில் குப்பையைக் கூட்டினேன். அந்த சிஸ்டத்தில் கிரிக்கெட் ஸ்கோர், ராசிபலன், சேலைத் தள்ளுபடி, வரன் தேடும் சைட் எல்லாம் மூலையில் வந்து தலைகாட்டிக்கொண்டிருந்தன. எந்த வெப்சைட் ‘அலோ பண்ணலாமா’ என்று கேட்டாலும் நம் ஆட்கள் சரி என்று அழுத்திவிடுவார்கள். வாசலில் வந்து கேட்டவரை இல்லை என்று அனுப்ப மனசு வராது போலிருக்கிறது. பிரவுசர் செட்டிங்கில் போய் ஒவ்வொன்றாக வெளியேற்றினேன். ஆபீஸ் சாட்டை மட்டும் பிரையாரிட்டியில் வைத்தேன்.

அடுத்து, பெட்டி எத்தனை நேரம் நிற்க வேண்டும் என்பது. இது நோட்டிஃபிகேஷன் பக்கத்தில் இருக்காது. ஆக்சஸிபிலிட்டிக்குள் ஒளிந்திருக்கும். ஐந்து நொடியை ஒரு நிமிஷமாக்கினேன்.

அதே ஆக்சஸிபிலிட்டியில் இன்னொரு வசதி உண்டு. சத்தம் வரும்போது திரை மின்னும். நான் ஆர்வக்கோளாறில் முழுத் திரையும் மின்னட்டும் என்று வைத்தேன். மெசேஜ் வந்ததும் அவள் நாற்காலியோடு பின்னால் போய்விட்டாள். பிறகு டைப் செய்தாள்: “மின்னல் வெட்டுது. கலர் கண்ணுல நிக்க மாட்டேங்குது.”

முழுத் திரையை எடுத்துவிட்டு, திறந்திருக்கும் விண்டோவின் மேல்பட்டை மட்டும் மின்னும்படி மாற்றினேன். கலர் கார்டைப் பிடித்தபடியே அவள் ஓரக்கண்ணால் அதைக் கண்டுபிடித்தாள்.

“இது போதும். சாடை காட்டற மாதிரி இருக்கு.”

அன்று மத்தியானம் முழுக்க முதலாளி கேபினில் உட்கார்ந்து வேண்டுமென்றே மெசேஜாக அனுப்பித் தள்ளினார். ஒவ்வொன்றுக்கும் உடனே பதில் போனது. கடைசியில் அவரே எழுந்து வந்தார்.

“அட, எல்லாத்தையும் பாத்தர்றாளே! அப்பறம் எதுக்கு மடிக்கற பக்கம்? இங்கயே இரு சாமி” என்று தன் வழக்கப்படி ஊருக்கே கேட்கச் சொன்னார். அவளுக்குக் கேட்காவிட்டாலும் அவர் கையை ஆட்டியது புரிந்தது. அவள் சிரித்த சிரிப்பைப் பார்த்து எனக்கு வயிறு நிறைந்துவிட்டது. ஸ்பீக்கர்கள் முதலாளியின் கேபினுக்குப் போய் பக்திப் பாட்டுப் பாட ஆரம்பித்தன.

4. எல்லாம் வேலை செய்கிறது

சில வாரம் கழித்துப் பூங்கோதை என் போனுக்கு மெசேஜ் அனுப்பினாள். “சிஸ்டத்துல ஒரு பிரச்சனை. வர முடியுங்களா?”

போய்ப் பார்த்தேன். மெசேஜ் அனுப்பினால் பட்டை மின்னுகிறது, பெட்டி ஒரு நிமிஷம் நிற்கிறது. செல்வி கீழே குடோனுக்குப் போயிருந்தாள். “எல்லாம் வேலை செய்யுதே, ஏம்மா?” என்று நோட்பேடில் டைப் செய்தேன்.

“ஆமாங்க. அதுதான் பிரச்சனை.”

எனக்குப் புரியவில்லை. அவள் தொடர்ந்து டைப் செய்தாள்.

“இப்ப எல்லாரும் மெசேஜ்தான் போடறாங்க. செல்வி அக்காவும். பின்னாடி உக்காந்துட்டே ‘டீ வந்துருச்சு’ன்னு போடறாங்க. காத்தால வந்தா சாயந்தரம் வரைக்கும் ஒருத்தரும் கிட்ட வர்றதில்ல.”

பிறகு ஒரு வரி வந்தது.

“டீக்கு மட்டும் ஆள் வந்து கூப்பிடணும். அந்த மாதிரி செட்டிங் இருக்குதுங்களா?”

அந்த மெனுவை மூலை முடுக்கெல்லாம் அறிந்தவன் நான். அப்படி ஒரு செட்டிங்கை யாரும் என்னிடம் கேட்டதில்லை. செல்வியும் கெட்டவள் இல்லை. முதலாளியிடம் பேச்சு வாங்காமல் இருக்க வேண்டும், பூங்கோதையையும் தொந்தரவு செய்யாமல் இருக்க வேண்டும் என்றுதான் அவள் நாற்காலியிலேயே இருந்துவிட்டாள்.

“செல்விகிட்ட நான் சொல்லட்டுமா?”

“வேண்டாங்க. சொல்லி வந்தா அது வேற.”

அது எனக்கும் தெரியும். அதனால் வேறு வழி பார்த்தேன். ‘டு நாட் டிஸ்டர்ப்’ என்று ஒன்று உண்டு. குறிப்பிட்ட நேரத்துக்கு அது தானாகவே விழும்படி வைக்கலாம். நாலு மணியிலிருந்து கால் மணி நேரத்துக்கு வைத்தேன். அந்த நேரத்துக்கு மட்டும் சாட்டும் வாயைத் திறக்கக்கூடாது என்று பிரையாரிட்டியிலிருந்து எடுத்துவிட்டேன். வந்த மெசேஜ் எதுவும் தொலையாது. ஓரத்து லிஸ்டில் இருக்கும், டீ குடித்துவிட்டு வந்து பார்த்துக்கொள்ளலாம்.

5. தீராத கம்ப்ளைண்ட்

பத்து நாள்கூட ஆகியிருக்காது, செல்வி போன் செய்தாள்.

“பாய், நாலு மணியானா அந்த சிஸ்டத்துக்கு என்ன கேடுங்க? டீக்கு மெசேஜ் போட்டா புள்ளைக்குத் தெரியவே மாட்டேங்குது. டீ ஆறிப்போகுதுன்னு நானே எந்திரிச்சுப் போயி தொட்டுக் கூட்டியாற வேண்டியிருக்குது.”

“சில சிஸ்டம் அப்படித்தாம்மா. அந்த நேரத்துக்குக் கொஞ்சம் மக்கர் பண்ணும்.”

“சரி பண்ண முடியாதுங்களா?”

“என்னால முடியாதும்மா.”

“அப்ப உடுங்க. ரெண்டு எட்டுத்தான, நானே போயிக்கறேன்” என்றாள். என் சர்வீஸில் ஒரு கஸ்டமரிடம் கைவிரித்துவிட்டு இவ்வளவு சந்தோஷப்பட்டது அந்த ஒரு தடவைதான்.

நோட்டிஃபிகேஷன் செட்டிங்குக்குப் போகிற பிள்ளைகளே, எது எது மின்ன வேண்டும், எது எது சத்தம் போட வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். கூடவே, எதற்கு ஆள் வர வேண்டும் என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள். நானாக இதைக் கேட்டதில்லை, பூங்கோதை கேட்டுத்தான் கற்றுக்கொண்டேன்.

போன மாதம் பிரின்டருக்கு டோனர் மாற்ற அங்கே போயிருந்தேன். நாலு மணி ஆகப்போகிறது. பூங்கோதை மவுஸை ஓரமாக வைத்தாள். கலர் கார்டை மூடினாள். கையை மடியில் வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தபடி நிமிர்ந்து உட்கார்ந்தாள். அந்தத் திரையின் மூலையில்தான் கடிகாரம் ஓடுகிறது. மணி நாலானதை அவளுக்கு யாரும் சொல்லத் தேவையே இல்லை. அவள் திரும்பிப் பார்க்காமல் காத்திருந்தாள். பின்னால் செல்வியின் நாற்காலி நகர்ந்தது. இரண்டு விரல் தோளில் பட்டதும், அப்போதுதான் தெரிந்ததுபோலப் பூங்கோதை திரும்பிச் சிரித்தாள்.