பனிக்குள் போன பஸ்

நனைந்த கம்பளிக் குல்லாய் இன்று அடுப்போரம் காய்கிற வாசனையில், சாலையை அகலப்படுத்தும்போது காணாமல் போன எங்கள் ஜெகதளா பஸ் நிறுத்தத்துத் தகரக் கொட்டகை நினைவில் திரும்பி வந்தது. மூடுபனியில் பள்ளிப் பிள்ளைகள் நிற்பது தெரியாதென்பதால் நாங்கள் சத்தமாகப் பாடுவோம். பாட்டைக் கேட்டுத்தான் ஓட்டுநர் மாரண்ணன் பஸ்ஸை நிறுத்துவார். அவர் தொப்பையையும் இருமுகிற ஹாரனையும் கிண்டலடிக்கும் அந்தப் பாட்டுகளெல்லாம் நான் கட்டியவை.

"ஏனுங்க கவிஞரே, இன்னிக்குத் தொப்பைய உட்டுப்போட்டீங்களே?" என்பார். ஒருநாள், "நாளையோட எனக்கு ரிட்டயர்மெண்டுங்க. நல்லதா ஒண்ணு பாடிப்போடுங்க" என்றார்.

மறுநாள் ஹாரன் இருமியதும் ஆஸ்தான கவியான எனக்கு முதல் அடியே வரவில்லை; குல்லாயைக் காதுவரை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டேன். நான் தொடங்குவேனென்று மற்றவர்களும் வாய்மூடிக் காத்திருந்தார்கள். காது கொடுத்தபடி மெதுவாக வந்த பஸ், எங்களைத் தாண்டிப் பனிக்குள் போய்விட்டது.