தொலைபேசியில் தமிழ் கூடாது

இரண்டாயிரத்துப் பதினேழாம் ஆண்டு. கோடை அப்போதுதான் உச்சத்துக்கு ஏறிக்கொண்டிருந்தது. மூக்குக்கண்ணாடிக் கடையின் மேல்மாடியில் இருந்த ஆங்கிலப் பயிற்சி வகுப்புக்கு, வியர்வையில் நனைந்த சட்டையோடு ஒருவர் படியேறி வந்தார். வயது ஐம்பதை நெருங்கும். மருத்துவமனை ஒன்றின் மருந்தகத்தில் மருந்தாளுநராக இருந்தவர். ஆசிரியை உட்காரச் சொல்வதற்கு முன்பே, கையில் சுருட்டி வைத்திருந்த ஆங்கிலத் தேர்வு மதிப்பெண் தாளை மேசையில் விரித்தார்.

“ஆறரை வந்திருக்கு, டீச்சர். ஏழு வேணும். படிக்கிறது, கேக்குறது, பேசுறது எல்லாத்துலயும் தாண்டிட்டேன். எழுதுறதுல மட்டும் இந்த அரை மார்க்கு ஒவ்வொரு தடவையும் காலை வாரி விடுது.”

“இது எத்தனையாவது தடவை, சார்?”

“அதை மட்டும் கேக்காதீங்க. பரீட்சை ஹால்ல இருக்கிறவங்களே இப்போ ‘வாங்க, வீட்ல எல்லாரும் சௌக்கியமா?’ன்னு விசாரிக்க ஆரம்பிச்சுட்டாங்க.”

சிரித்துக்கொண்டே சொன்னாரே தவிர, தாளின் ஓரத்தை அவர் விரல்கள் மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தன. அவருடைய மனைவி செவிலியர். தேர்வில் தேறி, வெளிநாட்டு முதியோர் இல்லம் ஒன்றில் வேலை கிடைத்து முன்னால் போனவர். பள்ளிப் படிப்பு முறிந்துவிடக் கூடாதென்று மகளும் தாயோடு போய்விட்டாள். அவர் மட்டும் இங்கே தங்கிவிட்டார். அவரும் அங்கே வேலைக்குப் போக அந்த அரை மதிப்பெண் வேண்டும். கிடைத்தால் குடும்பம் ஒரே கூரையின்கீழ் சேரும், கிடைக்காவிட்டால் சேராது. அவ்வளவுதான் கதை.

வகுப்பில் அவருக்குப் பெயர் வைக்க அதிக நாள் ஆகவில்லை. முன் வரிசையில் உட்காரும் இளம் செவிலி, “அரைப்புள்ளி அண்ணன் வந்தாச்சு, பாடத்தை ஆரம்பிக்கலாம்” என்றாள். அவரும் கோபித்துக்கொள்ளாமல், “முற்றுப்புள்ளி ஆகுற வரைக்கும் விடமாட்டேன், தங்கச்சி” என்றார். அன்றிலிருந்து அவர் எல்லோருக்கும் அரைப்புள்ளி அண்ணன்தான்.

ஒருவருடைய பிழைகளைப் பார்த்தே அவருடைய குணத்தைச் சொல்லிவிடலாம் என்பது ஆசிரியையின் எண்ணம். மருந்தாளுநரின் கட்டுரையில் இரண்டு வகைப் பிழைகள் மண்டிக் கிடந்தன. பெயர்ச்சொல்லுக்கு முன்னால் ஆங்கிலத்தில் வரும் ‘தி’ என்ற குட்டிச்சொல் அவரைப் பாடாய்ப் படுத்தியது; வேண்டிய இடத்தில் இருக்காது, வேண்டாத இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். அதைப் பயிற்சியால் சரிசெய்துவிடலாம். மற்றொன்று, பயத்தில் பிறந்த பகட்டு. போக்குவரத்து நெரிசலைப் பற்றி எழுதச் சொன்னால், மனித குலத்தின் தோற்றத்திலிருந்து தொடங்குவார். ‘மிக’ என்று ஒருமுறை எழுதி அவருக்கு மனம் ஆறாது. வாக்கியம் நீண்டு, வளைந்து, எழுவாய் எங்கேயோ தொலைந்துபோய், கடைசியில் வினைச்சொல் அநாதையாக நிற்கும்.

“சார், மருந்து டப்பா மேல ‘இது மிக மிகச் சிறந்த மாத்திரை’ன்னு எழுதி ஒட்டுவீங்களா?”

“வேலையை விட்டே தூக்கிடுவாங்க, டீச்சர்.”

“என்ன எழுதுவீங்க?”

“ஒரு மாத்திரை, சாப்பாட்டுக்கு முன்னாடி, காலையில.”

“அதே மாதிரி கட்டுரையையும் எழுதுங்க. ஒரு வாக்கியத்துல ஒரு விஷயம். தெரிஞ்சதை மட்டும் சொல்லுங்க. ‘எல்லாரும் சொல்றாங்க’ன்னு எழுதினா, யார் சொன்னாங்கன்னு உங்களையே கேட்டுப் பாருங்க.”

அவருக்கு அது சட்டென்று பிடிபட்டுவிட்டது. அடுத்த வாரம், ‘உங்கள் வீட்டை விவரிக்கவும்’ என்ற தலைப்புக்கு அவர் எழுதிய ஆங்கிலப் பத்தி இப்படித் தொடங்கியது: ‘எங்கள் வீட்டில் இரண்டு அறைகள் உள்ளன. ஒன்றுதான் பயன்படுகிறது.’ ஆசிரியை சிவப்புப் பேனாவைத் திறந்தார். திருத்த எதுவும் இல்லாததால் மூடிவிட்டார்.

மருந்தாளுநருடைய மனைவியிடமிருந்து ஒரு யோசனை வந்தது. அதை அவர் வகுப்பில் நடித்தே காட்டினார்.

“என் வீட்டுக்காரி நேத்து சட்டம் போட்டுட்டா, டீச்சர். ‘இனிமே போன்ல இங்கிலீஷ்தான். தமிழ்ல ஒரு வார்த்தை வந்தாலும் போனை வெச்சிடணும். அது நானா இருந்தாலும் சரி, நீங்களா இருந்தாலும் சரி. நீங்க ஏழு வாங்குற வரைக்கும் இதான் சட்டம்’ங்கிறா. நான் ‘சரிம்மா’ன்னேன். டக்குன்னு வெச்சுட்டா!”

வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. ஆசிரியைக்கும் அந்தச் சட்டம் பிடித்திருந்தது. நாள்தோறும் பேசும் மொழியில்தான் எழுத்தும் பழகும் என்பதை எத்தனையோ பேருக்குச் சொல்லி அவருக்கு வாய் வலித்திருந்தது; இப்போது கண்ணெதிரே ஓர் எடுத்துக்காட்டு கிடைத்துவிட்டது. புதிதாகச் சேர்பவர்களிடமெல்லாம் அரைப்புள்ளி அண்ணன் வீட்டுச் சட்டத்தைச் சொன்னார். கணவனையோ மனைவியையோ தொலைவில் விட்டிருந்த சிலர் அதைத் தாங்களும் எடுத்துக்கொண்டார்கள். முன் வரிசைச் செவிலியின் கணவர் கப்பலில் வேலை பார்த்தவர். அவர்கள் வீட்டிலும் சட்டம் அமலுக்கு வந்தது.

பலன் இருந்தது. மருந்தாளுநரின் ‘தி’ தன் இடத்தில் உட்காரக் கற்றுக்கொண்டது. வாக்கியங்கள் நேராக நின்றன. ஆனால், முன்பெல்லாம் வகுப்பு முடிந்ததும் மனைவி சொன்ன ஊர்வம்புகளைக் கதைகதையாகச் சொல்கிறவர், இப்போது கேட்டால், “இருக்கா டீச்சர். வெதர் கோல்டா இருக்காம். வேலை பிஸியாம்” என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

“அவ வாயைத் திறந்தா மூட மாட்டா. இங்கிலீஷ்ல நாலு வார்த்தைதான் பேசுறோம். நாலும் சரியா பேசுறோம்” என்றார் ஒருநாள். அதைப் பெருமையாகத்தான் சொன்னார். ஆசிரியையும் பெருமையாகத்தான் கேட்டுக்கொண்டார்.

தேர்வுக்கு முந்திய வாரம் அவர் துள்ளலோடு வந்தார்.

“அவளே நேத்து மாட்டிக்கிட்டா, டீச்சர்! எடுத்ததுமே ‘ஏங்க, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்’னா. நான் ‘தமிழ்! தமிழ்!’னு கத்திட்டு, சட்டப்படி வெச்சுட்டேன். இத்தனை நாள் என்னைப் படுத்தினதுக்குப் பழி தீர்த்தாச்சு.”

“திரும்பக் கூப்பிட்டாங்களா?”

“இல்லை, மெசேஜ் அனுப்பினா. நீங்களே பாருங்க, ஒரு பிழை இல்லை.”

கைபேசியை நீட்டினார். ஆங்கிலத்தில் மூன்று சிறு வாக்கியங்கள். ‘நான் நலமாக இருக்கிறேன். சொல்ல வந்தது காத்திருக்கலாம். நீங்கள் தேர்வைக் கவனியுங்கள்.’ சொல் மிகையும் இல்லை, குறையும் இல்லை. ஆசிரியை அவருடைய அனுமதியைப் பெற்று அவற்றைப் பலகையில் எழுதினார். தெளிவு என்றால் இதுதான், ஐயத்துக்கு இடமே இல்லை என்று வகுப்புக்கு விளக்கினார். எல்லோரும் பார்த்து எழுதிக்கொண்டார்கள்.

தேர்வு முடிந்து வெளியே வந்து, வாசலில் நின்றபடியே அவர் வீட்டுக்குப் பேசினார். மகள் எடுத்தாள். “அப்பா” என்றாள். பிறகு தமிழிலேயே பேசினாள், அவரும் துண்டிக்கவில்லை. பல வாரங்களாக அம்மாவுக்குத் தலைவலி. போன வாரம் படம் எடுத்துப் பார்த்ததில் மூளையில் கட்டி. நேற்று வேலைக்கு நடுவே மயங்கி விழுந்து, அவசரமாக அறுவை சிகிச்சை செய்திருக்கிறார்கள். இன்னும் கண் திறக்கவில்லை.

கண் திறக்கவே இல்லை. பயண அனுமதிக்கு அவர் அலுவலக வரிசையில் நின்றுகொண்டிருந்தபோதே செய்தி வந்துவிட்டது. அடக்கத்தை மகள் பிடித்துக் காட்டிய கைபேசித் திரையில்தான் பார்த்தார். அதன் பிறகுதான் தேர்வு முடிவு வந்தது. ஏழு.

மழை பிடித்துக்கொண்ட ஒரு பிற்பகலில் அவர் வகுப்புக்கு வந்தார். குடையை மடக்காமலே உள்ளே வந்துவிட்டார்; ஆசிரியைதான் வாங்கி மூலையில் வைத்தார். மறுநாள் பயணம் என்றார். மகளை அம்மாவோடு வேலை பார்த்த ஒருவர் தம் வீட்டில் வைத்திருக்கிறாராம். அங்கே போய் அவளை அழைத்துக்கொள்ள வேண்டுமாம். மதிப்பெண் தாளை எடுத்துக் காட்டினார். ஆசிரியை நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“உட்காருங்க, சார். தண்ணி குடிக்கிறீங்களா?”

“வேணாம், டீச்சர். பொண்ணு ஒண்ணு சொன்னா. அன்னைக்கு நான் போனை வெச்ச அப்புறம் இவ அம்மாகிட்ட, ‘இங்கிலீஷ்லயே சொல்லிடேம்மா’ன்னு கேட்டிருக்கா. அதுக்கு அவ, ‘இங்கிலீஷ்ல சொன்னா பேஷன்ட்கிட்ட சொல்ற மாதிரி இருக்கும்டி. அவர் என் புருஷன்’னாளாம்.”

ஆசிரியை தம் கையைப் பார்த்தார். எத்தனை சொற்களைத் திருத்திய கை. இப்போது மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தது.

“ஒரு நிமிஷம் பேச விட்டிருந்தா என்ன குறைஞ்சிருக்கும், டீச்சர்? ‘ஏங்க’ன்னு கூப்பிட்டா. எத்தனையோ மாசம் கழிச்சு அப்படிக் கூப்பிட்டா. நான் சிரிச்சுக்கிட்டே வெச்சேன்.”

“உங்களுக்குத் தெரியாதே, சார்.”

“தெரியாது. சொல்ல அவளை நான் விடலையே.”

அந்த நேரத்தில் வகுப்புக்கு வந்த இளம் செவிலி, கைபேசியைக் காதில் வைத்தபடியே படியேறி முடித்தாள். கப்பலில் இருக்கும் கணவரோடு பேச்சு. “நோ, நோ, ஐ ஆம் ஃபைன். எவ்ரிதிங் இஸ் ஃபைன்” என்று சொல்லிக்கொண்டே, மருந்தாளுநரைக் கண்டதும் குரலைத் தாழ்த்தி வாசலிலேயே நின்றுவிட்டாள். அவள் கண்கள் அழுது வீங்கியிருந்ததை ஆசிரியை அப்போதுதான் கவனித்தார். என்ன காரணமோ, அவளுக்குத்தான் தெரியும். அவள் சொன்ன வாக்கியங்களில் பிழை இல்லை.

மருந்தாளுநரும் அவளைப் பார்த்தார். பிறகு ஆசிரியையின் பக்கம் திரும்பினார்.

“டீச்சர், போறதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒண்ணு கேக்குறேன். அந்தப் பொண்ணை உள்ளே கூப்பிடாதீங்க. மாடிப்படியிலயே உட்கார்ந்து, அவ வீட்டுக்காரர்கிட்ட தமிழ்ல பேசி முடிச்சுட்டு வரச் சொல்லுங்க. எவ்வளவு நேரமானாலும் சரி, பாடத்தை ஆரம்பிக்காம இருங்க.”