என் மனைவிக்கு எரிந்த மெழுகுவத்தி

மனைவி இறந்த மறு வருஷம், கல்லறைத் திருநாளன்று காசிமேட்டுக் கல்லறைக்குப் போனேன். மதிலோரம் அவள் சிலுவையடியில் ஏற்கெனவே ஒரு மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் ஒருவர் முழங்காலிட்டு அழுதுகொண்டிருந்தார். என்னைவிட நல்ல மீசை வேறு!

எனக்கு வயிறு எரிந்தது. ஒரு பெரிய சமாதிக்குப் பின்னால் பதுங்கினேன். அவள் தனியாக மீன் சந்தைக்குப் போன நாட்களையெல்லாம் சந்தேகத்தோடு நினைத்துப் பார்த்தேன். கடைசியில் பாய்ந்தேன்.

"யோவ், எம் பொஞ்சாதிக்கு நீ இன்னாத்துக்குய்யா அழுவுற?"

அவர் மிரண்டுபோனார். "உன் சம்சாரமா நைனா? கோச்சுக்காதே. நான் கப்பல்ல கரி தள்ளிக்கினு இருந்தப்போ என் சம்சாரம் பூட்டா. இந்த வரிசையிலதான் பொதச்சாங்களாம். இங்க பேரில்லாத சிலுவை அஞ்சு கீது. எதுன்னு தெரியல. அதான் ஞாயித்துக்கிழமை தவறாம அஞ்சுக்கும் ஏத்தறேன்."

அவள் பெயரை எழுதாமல் விட்டவன் நான். அழுதுவிடுவேனோ என்று பயந்து, அடக்கத்துக்குப் பிறகு அந்தப் பக்கமே வராதவனும் நான்தான்.

மறுநாளே வர்ணம் வாங்கிப் பெயரை எழுதினேன். ஞாயிறன்று அவரிடம் காட்டி, "இனிமே உனக்கு நாலுதான்" என்றேன். அவர் நாலையும் ஏற்றிவிட்டு, ஐந்தாவதை என் மனைவிக்கே ஏற்றினார்.

"இத்தினி நாளு வேண்டிக்கினேன். இப்ப எப்பிடி நைனா வுட்டுடறது?"

மறுபடியும் பொறாமை வந்தது, இந்த முறை அவருடைய விசுவாசத்தின் மேல். அது இன்னும் என்னை விடவில்லை. ஞாயிறுதோறும் என்னைக் கல்லறைக்குக் கூட்டிப்போவது அதுதான்.