தாசனகுறுக்கி ரோட்டுப் பள்ளம்

கெம்பம்மா ஊராட்சித் தலைவியானதற்கு முழுக் காரணம் திம்மப்பன்தான். அதை அவரே பின்னாளில் தலையில் கை வைத்துக்கொண்டு ஒப்புக்கொண்டார்.

ஓசூருக்கும் கெலமங்கலத்துக்கும் நடுவே, தார் ரோட்டிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் உள்ளே தள்ளியிருக்கிறது தாசனகுறுக்கி. 1996 தேர்தலில் அந்த ஊராட்சியைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள். பத்து வருடமாக அந்த நாற்காலிக்குக் காத்திருந்த திம்மப்பன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு யோசித்தார். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடும் ஒருத்தியை நிறுத்திவிட்டு, தான் துணைத் தலைவராக இருந்தால் போதும். அவருடைய தக்காளித் தோட்டத்தில் வருடக்கணக்காகக் கூலி வேலை செய்த கெம்பம்மா நினைவுக்கு வந்தாள். வாயே திறக்காதவள். அவளை நிறுத்தினார்; ஜெயிக்கவும் வைத்தார்.

அவள் வாய் திறக்காததற்குக் காரணம் வேறு. வீட்டில் பேசியது கன்னடம். மூன்றாம் வகுப்புவரை படித்தது தெலுங்குப் பள்ளிக்கூடம். கடைக்குப் போனால் தமிழ். எந்தப் பாஷையில் பதில் சொல்வது என்று அவள் முடிவு செய்வதற்குள் எதிரில் இருப்பவர் அடுத்த பேச்சுக்குப் போயிருப்பார். மற்றபடி அவள் எல்லாவற்றையும் மூன்று பாஷையிலும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

தோட்ட வேலைக்கு அடுத்து நான்கு வருடம், ஊருக்கு மேற்கே இருந்த முலாம் பூசும் கம்பெனியில் தரை கழுவினாள். உள்ளங்கைத் தோல் உரிந்து, கரண்டி பிடிக்க முடியாமல் போனபோது, கை சரியானதும் வா என்று அனுப்பிவிட்டார்கள். கை சரியானது. கம்பெனிதான் கூப்பிடவில்லை. ஆனால் அந்த நான்கு வருடத்தில், அங்கே தண்ணீர் எப்படி வருகிறது, எப்படிப் போகிறது என்பது அவளுக்கு மனப்பாடமாகிவிட்டது. வருவது திம்மப்பனின் மூன்று போர்வெல்களிலிருந்து, டேங்கர் லாரியில், ஒரு நாளைக்குப் பன்னிரண்டு நடை. போவது கம்பெனிக்குப் பின்னால் இருந்த பாழுங்கிணற்றுக்குள், மஞ்சள் நிறத்தில்.

அவள் தலைவியானபோது ஊரில் இரண்டு அடிபம்புகள் இருந்தன. மேற்குத் தெரு பம்பில் தண்ணீர் வந்தது, மஞ்சளாக. அந்தத் தெரு ஆண்களின் வெள்ளை பனியன் எல்லாம் கல்யாண வீட்டுக்குப் போய்வந்த மாதிரி இருக்கும். சோறு வடித்தால் எலுமிச்சம்பழச் சோறு போலத் தெரியும். பிள்ளைகள் ஆசையாக வாயில் வைத்துவிட்டுத் துப்பும். கிழக்குத் தெரு பம்பில் நிறக் கோளாறு எதுவும் இல்லை. தண்ணீரே இல்லை. ஐம்பது அடி அடித்தால் அரைக் குடம் வரும், அதற்குள் அடித்தவருக்கு ஒரு குடம் வேர்த்திருக்கும்.

பதவி ஏற்ற வாரமே கெம்பம்மா ஊராட்சி எழுத்தர் தீர்த்தகிரியிடம், தனக்கு என்னென்ன அதிகாரம் என்று கேட்டாள். தீர்த்தகிரியின் பதினெட்டு வருடச் சர்வீஸில் யாரும் கேட்காத கேள்வி அது. தெருவிளக்குப் போடலாம், குப்பை அள்ளலாம், கொடி ஏற்றலாம் என்றார். அதற்குமேலும் ஏதோ இருக்கும் என்று சட்டப் புத்தகத்தைத் தூசு தட்டி எடுத்தார். தினமும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் படிப்பார். அவள் புளியங்கொட்டை உடைத்துக்கொண்டே கேட்பாள். தனியார் போரை நிறுத்த அதிகாரம் உண்டா என்றாள். இல்லை. கம்பெனிக்குப் பூட்டுப் போடலாமா? அதற்கு வேறு ஆபீஸ், வேறு ஊர். நடுவில் ஒரு நாள், ஊராட்சிச் சாலைகளைப் பராமரிப்பது தலைவரின் பொறுப்பு என்று படித்துவிட்டு அவர் பக்கத்தைப் புரட்டப் போனார். கெம்பம்மா நிறுத்தச் சொன்னாள்.

"பராமரிக்கிறதுன்னா தோண்டலாங்களா?"

தீர்த்தகிரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மறுபடி மூடறதுக்குன்னா தோண்டலாம்."

டேங்கர் கம்பெனிக்குப் போகும் ரோட்டுக்குக் கிழக்கே அரசாங்கம் ஆழமாகப் போட்ட ஒரு போர், நல்ல தண்ணீரோடு, குழாய் இல்லாமல் சும்மா கிடந்தது. ரோட்டைக் குறுக்கே வெட்டிக் குழாய் போட்டால் மேற்குத் தெருவுக்கு அந்தத் தண்ணீர் வரும். இதற்குக் குழாய் கேட்டு யூனியன் ஆபீஸுக்கு மனு கொடுத்தாள். ஒவ்வொரு முறையும் வரும், போங்க என்றார்கள். நான்கு மனு ஆனது. ஐந்தாவது தடவை அவள் போகவில்லை. 97-ஆம் வருடம் மாசி மாதத்தில் ஒரு காலை, மேற்குத் தெருப் பெண்கள் இருபது பேர் கடப்பாரையும் மண்வெட்டியுமாக ரோட்டுக்கு வந்தார்கள். இரண்டு பக்கமும் யானை யானையாகப் பாறை நெருக்கும் இடம் பார்த்து, பத்து மணிக்குள் ரோட்டைக் குறுக்கே வெட்டிவிட்டார்கள். நடப்பதற்கு ஒரு பலகை. மாட்டு வண்டிகளுக்கு ஏரி வழியாக வண்டித் தடம் இருந்தது. டேங்கர் அதில் இறங்கினால் புதைந்துவிடும். 'குடிநீர்க் குழாய்ப் பணி நடைபெறுகிறது' என்று தீர்த்தகிரி தன் கையாலேயே பலகை எழுதி நட்டார். கெம்பம்மாவின் புருஷன் முனிசாமியும் ஆடுகளை விட்டுவிட்டு வந்து பார்த்தான். தலைவி வீட்டுக்காரன் என்ற முறையில் பள்ளத்தைச் சுற்றி ஒருமுறை நடந்துவிட்டு, நல்லாத்தான் வெட்டியிருக்கிறீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனான்.

பதினோரு மணிக்கு முதல் டேங்கர் வந்து நின்றது. பின்னாலேயே திம்மப்பன் மோட்டார் சைக்கிளில் வந்தார்.

"ஏம்மா கெம்பம்மா, இன்னா வேல இது?"

"பைப் வேலைங்க, கவுடரே."

"பைப் எங்க?"

"வந்துக்கினு இருக்குதுங்க."

அவர் பள்ளத்தை எட்டிப் பார்த்தார். உள்ளே ஒரு கோழி கிளறிக்கொண்டிருந்தது. இரண்டு நாளில் மூடு என்று சொல்லிவிட்டுப் போனார். இரண்டு வாரம் ஆயிற்று. குழாய் வரவில்லை, பள்ளத்தையும் மூடவில்லை. கம்பெனியில் தண்ணீர் இல்லாமல் தொட்டிகள் காய்ந்தன. பாழுங்கிணற்றுக்கு மஞ்சள் தண்ணீர் விடுவதும் நின்றது. திம்மப்பன் தருமபுரிக்கே பஸ் ஏறிப் போய்க் கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்தார். தலைவி பொதுவழியை மறித்துவிட்டாள், பதவியைப் பறிக்க வேண்டும் என்று. அப்படிப் பறிக்கும் அதிகாரமும் அதே புத்தகத்தில் இருக்கிறது என்று தீர்த்தகிரி மெதுவாகச் சொன்னார். அன்று முழுக்கக் கெம்பம்மா புளியங்கொட்டையைத் தொடவில்லை. ஆனாலும் பள்ளத்தை மூடச் சொல்லவில்லை.

முப்பதாம் நாளோ அதற்கு அடுத்த நாளோ, கிழக்குத் தெரு மாதம்மாள் வழக்கம்போல இடுப்பில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஐம்பது அடிக்குத் தயாராகப் பம்பைப் பிடித்தாள். நான்காவது அடியில் தண்ணீர் குபுக்கென்று வந்து குடத்தைத் தள்ளிவிட்டது. யாரோ பம்பை ரிப்பேர் செய்துவிட்டார்கள் என்று நினைத்து, யார் என்று தெருவில் கேட்டுக்கொண்டே போனாள். யாரும் செய்யவில்லை. டேங்கர் நின்று ஒரு மாதம் ஆகிறது என்று முதலில் விரல்விட்டு எண்ணிச் சொன்னது திம்மப்பனின் மனைவி ஜோதியம்மாள்தான். "எங்க கெணத்துல கூட மூணு படி ஏறிக்கிச்சு," என்று அவள் பம்படியில் சொன்னது சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. அன்று திம்மப்பன் வீட்டில் யாரும் யாரோடும் பேசவில்லை என்று கேள்வி.

விசாரணைக்கு யூனியன் ஆபீஸிலிருந்து ஓர் அதிகாரி ஜீப்பில் வந்தார். ஜீப் பள்ளத்தோடு நின்றது. அவர் பைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கையையும் விரித்துப் பலகைமேல் நடந்து வந்து சேர்ந்தார். திம்மப்பன் தன் பக்கத்தை நீளமாகச் சொன்னார். அதிகாரி கெம்பம்மா பக்கம் திரும்பி, எப்போது மூடுவீர்கள் என்றார். இந்தத் தடவை அவள் பாஷை தேடவில்லை.

"பைப் வந்த அன்னிக்கே மூடிடறங்க, சார். பைப்பு உங்க ஆபீஸ்லதாங்க நிக்குது. நாலு மனு குடுத்துக்கிறேன்."

தீர்த்தகிரி நான்கு நகல்களையும், முத்திரை தெரியும்படி, வரிசையாக மேஜையில் வைத்தார். அதிகாரி முதல் நகலைப் படித்தார். இரண்டாவதைப் படித்தார். மூன்றாவதில் இருந்த கையெழுத்து அவருடையது. நான்காவதை அவர் படிக்கவில்லை.

எட்டாம் நாள் குழாய் வந்தது, கேட்டதைவிட இரண்டு கூடுதலாக. சொன்னபடி அன்றைக்கே பதித்து மூடினாள். டேங்கர் டிரைவர் இன்ஜினை ஸ்டார்ட் செய்யும் நேரத்தில் ஊராட்சிக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. அடியில் குடிநீர்க் குழாய் போகிறது. மேலே பார வண்டி ஏறினால் உடையும். ஆகவே அந்த ரோட்டில் பார வண்டி கூடாது என்று தீர்மானம். மாதம்மாளின் பம்பைப் பார்த்துவிட்டு வந்த உறுப்பினர்கள் எல்லோரும் கை தூக்கினார்கள். துணைத் தலைவர் மட்டும் எதிர்த்தார். எதிர்ப்பையும் பதிவு செய்யச் சொல்லிக் கெம்பம்மா நிறுத்தி நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள்.

கம்பெனிக்காரர்கள் கொஞ்ச நாள் சின்ன வண்டிகளில் சமாளித்தார்கள். பிறகு புது இயந்திரம் வைக்க ஊராட்சி அனுமதி கேட்டு வந்தார்கள். மஞ்சள் தண்ணீரை எங்கே விடுவீர்கள் என்று அவள் கேட்டாள். சுத்திகரிப்புத் தொட்டியின் படத்தைக் காட்டினார்கள். படம் நன்றாக இருக்கிறது, தொட்டி ஓடும்போது சொல்லுங்கள், வந்து பார்க்கிறேன் என்றாள். அடுத்த வருடம் அவர்கள் கர்நாடக எல்லையைத் தாண்டி இன்னொரு கிராமத்துக்குப் போய்விட்டார்கள்.

எல்லாம் சரியாகிவிடவில்லை. பாழுங்கிணற்றில் விட்டது மண்ணுக்குள்ளேயே இருந்தது. மேற்குத் தெருப் பம்பின் தண்ணீர் அவள் பதவிக்காலத்தில் வெளுக்கவே இல்லை. அதன் கைப்பிடியைக் கழற்றி ஊராட்சி ஆபீஸ் பீரோவில் வைத்துப் பூட்டினாள். திம்மப்பனின் போர்களைப் பற்றி அந்தப் புத்தகத்தில் ஒரு வரிகூடக் கிடைக்கவில்லை என்ற வருத்தமும் அவளுக்கு இருந்தது. அவர் தண்ணீர் விற்பதை விட்டுவிட்டு முட்டைக்கோஸ் போட்டார்.

98 கடைசியில் ஒரு மத்தியானம், எல்லைக்கு அந்தப் பக்கத்து ஊரின் பஞ்சாயத்துத் தலைவர் ஆஞ்சப்பன் பழைய ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். தங்கள் ஊரில் புதிதாக ஒரு கம்பெனி வந்திருக்கிறது, கிணற்றுத் தண்ணீர் மஞ்சளாகிறது என்று கன்னடத்தில் சொன்னார். எந்தக் கம்பெனி என்று கெம்பம்மா கேட்கவில்லை. அவள் முகம் சிறுத்துப்போனது. இங்கிருந்து கிளப்பியது அங்கே போய் உட்கார்ந்திருக்கிறது என்பது அவளைக் குத்தியது. அவருக்கு டீ வரவழைத்துக் கொடுத்தாள். குடித்து முடித்ததும் அவர் தயங்கித் தயங்கி, பள்ளம் எத்தனை அகலம் வெட்டினீர்கள் என்று கேட்டார்.

கெம்பம்மா இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். பிறகு கையை இறக்கிவிட்டு, முதலில் குழாய்க்கு மனு கொடுத்தீர்களா என்று கேட்டாள். ஆஞ்சப்பன் இல்லை என்றார். தீர்த்தகிரியிடம் ஒரு வெள்ளைத்தாள் வாங்கி, அவர் முன்னால் வைத்தாள்.