பிரேக் அக்கா

காரில் ஏறியதும் பிரேக் அக்கா சீட் பெல்ட்டின் கீழ்ப்பட்டையை இரண்டு விரலால் தூக்கி, வயிற்றின் வலப்புறம் படாமல் இடுப்புக்குக் கீழே தள்ளிவிடுவார். அதன் பிறகுதான், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி வியர்த்துக்கொண்டிருக்கும் பெண்ணைத் திரும்பிப் பார்ப்பார். "சாவியத் திருப்பும்மா. வண்டி உன்னக் கடிக்காது."

பெண்களுக்கு மட்டும் கார் ஓட்டக் கற்றுத்தருகிறார். சொல்லித்தருபவர் காலடியில் இன்னொரு பிரேக் இருக்குமே, அதனால் வந்த பெயர். முன்பெல்லாம் வழியில் கழிப்பறை தேட வேண்டுமே என்று நாள் முழுக்கத் தொண்டை வறளக் கிடப்பார். இப்போது பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் குடிக்கிறார். கேட்டால், "எனக்குக் கழிப்பறை கூடவே வருது" என்கிறார்.

சிறுநீர்ப்பையில் புற்றுநோய். சிறுநீர்ப்பையையே எடுத்துவிட்டு, குடலில் ஒரு துண்டை வெட்டி வழியமைத்து, வயிற்றில் சிறு வாயாகத் திறந்துவிட்டார்கள். அதன் மேல் ஒட்டிய பையில் சிறுநீர் தானாக இறங்கும். உயிர் பிழைத்தது. ஆனால் வீட்டுக்கு வந்தவர், நொடிக்கொரு தரம் தன்னையே முகர்ந்து பார்க்கும் ஆளாகிவிட்டார். குளியலறையைத் தாழிட்டுக்கொண்டுதான் பை மாற்றுவார். லிஃப்ட் பழுதுபார்க்கும் கணவர், தூக்கத்தில் கைகால் பட்டுவிடும் என்று தலையணையோடு ஹாலுக்குப் போனார். காரணம் அதுதானா என்று இவர் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

மறுபடி வேலைக்கு வந்த புதிதில் ஒருநாள், வண்டி ரிவர்ஸில் போய்க்கொண்டிருக்கும்போது ஒட்டு விட்டுத் தொடையெல்லாம் நனைந்தது. "ஓரங்கட்டும்மா. பை ஒழுகுது" என்றார். ஓட்டிய பெண் வண்டியை நிறுத்திவிட்டு, பின் சீட்டிலிருந்த அக்காவின் கைப்பையை எடுத்துத் தலைகீழாகக் கவிழ்த்து, "இதுல ஒழுகறதுக்குத் தண்ணி பாட்டிலே இல்லையேக்கா" என்றாள். அக்காவுக்குச் சிரிப்பு பீறிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து அன்றுதான் வாய்விட்டுச் சிரித்தார். சிரிக்கச் சிரிக்க இன்னும் ஒழுகியது. பிறகு விஷயத்தைச் சொன்னார். அந்தப் பெண் மறுபேச்சில்லாமல் வண்டியைக் கிளப்பினாள். அதுவரை முக்கியச் சாலைப் பக்கமே போகாதவள், ஓரிடத்திலும் எஞ்சின் அணையாமல் அக்காவை வீட்டில் கொண்டுவந்து சேர்த்தாள்.

அன்றைக்கு அக்கா குளியலறைக் கதவைத் தாழிடவில்லை. கணவரைக் கூப்பிட்டு, கையைக் கழுவிவிட்டு வந்து புதுப் பையின் ஒரு பக்கம் பிடிக்கச் சொன்னார். திருகாணியை இருட்டிலும் தடவிக் கண்டுபிடிக்கிற விரல்கள் பையின் ஓரத்தை நுனியால் மட்டும் தொட்டன.

"வலிக்குமா?"

"இது வலிக்காது. நீங்க ஹால்ல படுக்கறதுதான் வலிக்குது."

அன்றே தலையணை உள்ளே திரும்பி வந்தது.

இப்போதெல்லாம் இதே அறுவைக்குக் காத்திருக்கும் பெண்களிடம் பேச ஆஸ்பத்திரியில் அக்காவைக் கூப்பிடுகிறார்கள். போன வாரம் ஒரு பள்ளி ஆசிரியை. கட்டிலில் உட்கார்ந்து ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா பை ஒட்டுவது, மாற்றுவது எல்லாம் சொல்லி முடித்தார். கடைசியில், முகத்தைத் திருப்பாமலே மெல்லக் கேட்டார்: "பக்கத்துல வர்றவங்களுக்கு நாத்தம் அடிக்குமா?"

அடிக்காது என்று சொல்ல வாயெடுத்த அக்கா, அதை விட்டுவிட்டு எழுந்தார். தன் நாற்காலியை இழுத்துப் போட்டு, அந்த அம்மாவின் முழங்காலோடு முழங்கால் முட்ட உட்கார்ந்தார்.